படூர் சிக்னலுக்கு நான் போட்ட மார்க்

பெயர் ஜானகிராமன். வயது 53. தகப்பனார் பெயர் முனுசாமி, காலஞ்சென்றவர். சொந்த ஊர் மதுராந்தகம் வட்டம் படாளம். தற்போது செங்கல்பட்டு பெரிய நத்தத்தில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். தொழில் டி.வி., மிக்ஸி பழுது பார்ப்பது, கேமரா மாட்டிக்கொடுப்பது. எழுதப் படிக்கத் தெரியும்.

நான் மேலே சொன்ன விலாசத்தில் என் மனைவி வசந்தாவுடன் இருந்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர மனைப்பிரிவில் குடியிருந்த ராஜாராம், வயது 64, என்பவர் புயலன்று இறந்துபோனது சம்பந்தமாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். எஸ்.ஐ. ஜெனிஃபர் மேடம், பைப் விழுந்து இறந்திருக்கிறார், விபத்து என்று முடியப்போகிறது, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். படூர் துர்காதேவி என்கிற பெண், உதவி கேட்டுத் தகவல் அனுப்ப முடியாமல் போனது தன்னுடைய தவறு என்று எழுதிக் கொடுத்திருப்பதாக ராஜாராமின் மனைவி பார்வதம் மூலம் கேள்விப்பட்டேன், அது அவருடைய தவறு இல்லை, என்னுடையது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொன்னேன். அதன் பிறகு என்னை உட்கார வைத்து எழுத ஆரம்பித்தார்கள்.

நான் 1999-ஆம் வருடம் முதல் அரசு லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். போன் கம்பெனியோ டவரோ இல்லாமல் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசுவது எங்கள் பொழுதுபோக்கு. புயல் வெள்ளத்தில் டவர் படுத்துக்கொண்டால் எங்களைத் தேடி வருவார்கள். தினமும் காலை ஆறரை மணிக்கு எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவோம். இதை நெட் என்று சொல்வோம். பதினோரு வருடமாக அந்த நெட்டை நடத்துகிறவன் நான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் குரல் என் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று ரிப்போர்ட் கொடுப்பேன். ரிப்போர்ட் என்பது இரண்டு எண். பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு ஒரு மார்க், சிக்னல் எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்பதுக்கு ஒரு மார்க். ஃபைவ் நைன் என்றால் முழு மார்க். பேசுகிறவருக்குத் தன் சிக்னல் வெளியே எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. கேட்கிறவன் சொன்னால்தான் உண்டு. அதனால் அவன் சொல்லும் மார்க்கை எங்கள் ஆட்கள் யாரும் சந்தேகப்படுவதில்லை. மரியாதைக்காக ஒன்றிரண்டு கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. குறைத்துச் சொன்னவனை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வேலையை நான் செய்தேன்.

ராஜாராம் பால் பண்ணையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். நேரில் பார்த்துக்கொண்டது வருடத்துக்கு நான்கு முறைகூட இருக்காது. ஆனால் தினமும் நெட் முடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் வேறு அலைவரிசைக்குப் போய் அரை மணி நேரம் பேசுவோம். அவருக்கு முட்டி வலி வந்தது, எனக்குச் சர்க்கரை வந்தது, எங்கள் வீட்டில் குழந்தை இல்லை என்று டாக்டர் கையை விரித்தது, எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பேசியதுதான். கூடப் பிறந்த தம்பியிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் கேசுக்கு வேண்டாமே என்று மேடம் சொன்னார்கள். வேண்டும் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

துர்காதேவி திண்டுக்கல் பக்கத்துப் பெண். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. படூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறார். போன சித்திரையில் லைசென்ஸ் வாங்கி, ஐந்து வாட் கைச் செட் ஒன்றுடன் எங்கள் நெட்டுக்கு வந்தார். செட்டோடு கம்பெனிக்காரன் கொடுக்கிற, ஒரு சாண்கூட இல்லாத குட்டை ரப்பர் ஆன்டெனாதான் மாட்டியிருந்தார். முதல் நாள் அவர் பேசியது எனக்கு இரைச்சலுக்கு நடுவே கால்வாசி கேட்டது. த்ரீ த்ரீ என்று மார்க் கொடுத்தேன். அது நேர்மையான மார்க். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என் கடைக்கே வந்து, படூரிலிருந்து செங்கல்பட்டுக்குக் கைச் செட்டிலேயே நன்றாகக் கேட்க வைக்க என்ன வழி என்று கேட்டார். "அதெல்லாம் ஆவாதும்மா. நடுவுல மலை கீது. நான் இந்த இடத்துக்கு வர ஆன்டெனாவுக்கு நாப்பதடி பைப்பு ஏத்தி, அது ரெண்டு தபா வூட்டுக்காரர் ஓட்டு மேல வுயுந்து, நாலு வருசம் லோல்பட்டேன்" என்று சொன்னேன். அவர் "சரிங்கண்ணா" என்று போய்விட்டார். மரியாதையான பெண் என்று அன்று வசந்தாவிடம் சொன்னேன்.

அதன் பிறகு அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டில் துர்காதேவி வந்து, ஆன்டெனாவை மாற்றியிருப்பதாகவும் எப்படிக் கேட்கிறது என்றும் கேட்டார். குட்டை ரப்பரைக் கழற்றிவிட்டு, தச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பின் எஃகுப் பட்டையில் பத்தொன்பதரை அங்குலம் வெட்டி மாட்டியிருக்கிறார். செட்டின் மேல்பக்கத்து இரும்பு வளையத்தில் அதே நீளத்துக்கு ஒரு ஒயரைக் கட்டிக் கீழே தொங்கவிட்டிருக்கிறார். இந்த ஒயருக்கு எங்கள் ஆட்கள் வால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைச் செட்டுக்கு அது எவ்வளவு பலம் சேர்க்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கடைக்கு வந்து கேட்டபோது நான் அதைச் சொல்லவில்லை.

அன்று என் செட்டில் மீட்டர் முழுதாக ஏறி நின்றது. இரைச்சல் கொஞ்சமும் இல்லை. அடுப்பங்கரையிலிருந்து வசந்தா, "யாருய்யா அது, நம்ம வூட்டு வாசல்லயா நின்னுகினு கீது அந்தப் பொண்ணு" என்று கேட்டாள். நான் மைக்கை எடுப்பதற்குள் ராஜாராம் குறுக்கே வந்து, "இன்னா ஜானகி, கேட்டியா. ஒரு இஞ்ச் டேப்ப வெட்டிக் கட்டிகினு வந்து நிக்குது. இனிமே உன் பைப்பு கதைய யார்னா கேட்டா சிரிப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நெட்டில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை கிடைத்தால் சொல்லியிருப்பேன், கிடைக்கவில்லை. நான் மைக்கை அழுத்தி, "துர்காதேவி, த்ரீ த்ரீ. முன்ன இருந்தாப்லயேதான் கீது" என்று சொன்னேன்.

ராஜாராம் இருப்பது கடற்கரையில், படூரும் அதே பக்கம், அவருக்கு நன்றாகக் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் செங்கல்பட்டில் உட்கார்ந்து சிக்னல் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் என் பொய்யைப் பிடிக்க ஆள் கிடையாது. ராஜாராமே, "உனுக்கு மலை மறைக்குது போல" என்று விட்டுவிட்டார்.

அதன் பிறகு துர்காதேவி விடவில்லை. டெஸ்டிங் வேலை செய்கிறவர் என்பதால் தினம் ஒரு மாற்றம் செய்வார். ஒரு நாள் வாலை அரை அங்குலம் வெட்டுவார், ஒரு நாள் பட்டையை அகலமாக்குவார், ஒரு நாள் பால்கனியின் அடுத்த மூலையில் நிற்பார். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு, தேதி, நீளம், செங்கல்பட்டு அண்ணா கொடுத்த ரிப்போர்ட் என்று குறித்துக்கொண்டார். நான் த்ரீ த்ரீ என்பேன், த்ரீ டூ என்பேன், ஒரு நாள் டூ டூ என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர், "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா, குறிச்சிக்கிட்டேன்" என்பார். அந்த நாட்களில் ஒரு நாள்கூட அவர் சிக்னல் எனக்குக் குறைவாகக் கேட்டதில்லை.

இது வெறும் ஆன்டெனாப் பொறாமை என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் அடுத்ததையும் சொல்கிறேன். துர்காதேவிக்கு வால் நீளம் சரிபார்க்க உதவி செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து ராஜாராம் நெட் முடிந்ததும் என்னிடம் வருவதில்லை. "இரு ஜானகி, அந்தப் பொண்ணுக்கு ஒரு டெஸ்ட் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று போவார். நான் எங்கள் அலைவரிசையில் காத்துக்கொண்டிருப்பேன். எட்டு மணி வரை வர மாட்டார். அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்றால், அவர்கள் பேசும் அலைவரிசையைக் கண்டுபிடித்து, மைக்கைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போகும். கடை திறக்க நேரமாகும். ஒரு நாள் ராஜாராம், பால் பண்ணையில் தான் சஸ்பெண்ட் ஆன கதையை அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை அவர் இருபத்திரண்டு வருடத்தில் என் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தார். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். அன்று கடையில் ஒரு கஸ்டமரை நான் காரணமில்லாமல் திட்டி அனுப்பினேன்.

வசந்தா கவனித்துவிட்டாள். "இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு பேர எடுத்தாலே உன் மூஞ்சி இப்டிப் போவுது. ராஜாராம் அண்ணன் இன்னா உனுக்குத் தாலி கட்டினவரா" என்று கேட்டாள். வாயை மூடு என்று சொன்னேன்.

நவம்பர் மாதம் நடுவில் துர்காதேவி அட்டவணையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு வந்தார். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அண்ணா, படிச்சதை வச்சுப் பார்த்தா இது நல்லாப் போகணும். ராஜாராம் சாரும் நல்லாப் போகணும்னுதான் சொல்றாரு. நீங்க கொடுக்கிற ரிப்போர்ட் மட்டும்தான் ஒத்து வரல. உங்க ரிப்போர்ட் தப்பா இருக்க முடியாது. அப்ப நான் எங்கேயோ தப்பு பண்றேன். எங்கன்னு நீங்கதான் சொல்லணும்." நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, புத்தகத்தில் இருப்பது வேறு, காற்றில் நடப்பது வேறு என்று அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். அவர் போகும்போது என் மனசு கேட்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று படி வரைக்கும் எழுந்து போனேன். அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. "சொல்லுங்க ராஜாராம் சார்" என்றார். நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு நவம்பர் கடைசியில், புது ஆன்டெனா மாட்டியதிலிருந்து நாற்பத்தோராவது நாள், துர்காதேவி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தன் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பழைய குட்டை ரப்பரையே மாட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் போலவே இரைச்சலுக்குள் முங்கி முங்கிக் கேட்டது. எனக்கு அதைக் கேட்க அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குஷியில், "ஃபைவ் ஃபைவ். இன்னா பண்ணம்மா, இன்னிக்கு நல்லா கீதே" என்று சொல்லிவிட்டேன். நான் அவருக்குக் கொடுத்ததிலேயே பெரிய மார்க் அதுதான்.

அவர் சிரித்துவிட்டு, கம்பெனிக்காரன் கொடுத்த ரப்பர்தான் சிறந்தது என்று அட்டவணை சொல்லிவிட்டது, நாற்பது நாள் வீணாகப் போனது என்றார். ராஜாராம், வேண்டாம்மா, அந்த டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டு வைத்துக்கொள் என்றார். அதற்குத் துர்காதேவி, ஏதாவது ஆபத்து என்றால் ஆஸ்பத்திரியும் அதிகாரிகளும் இருக்கிற செங்கல்பட்டுக்குத்தான் தகவல் போக வேண்டும், அங்கே எது கேட்கிறதோ அதைத்தான் மாட்ட வேண்டும் என்றார். ராஜாராம், "அதுவும் சர்தான். ஜானகி சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்று சொன்னார். துர்காதேவி தன் ஆன்டெனாவைச் சுருட்டிப் படூர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டார். இதை நெட்டிலேயே சொன்னார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலை புயல் கரையைக் கடந்தது. செங்கல்பட்டில் காலை பதினோரு மணிக்குப் போன் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு டவரும் வேலை செய்யவில்லை. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் எனக்குப் போன் செய்து, பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்றும் மரம் அறுக்கும் மிஷினோடு ஒரு குழுவும் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் ரேடியோவில் தெரிந்தால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறோம் என்றார். நான் லாரி பேட்டரியில் செட்டை ஓட்டி, பூஞ்சேரியில் குழு நிற்கிறது, மாமல்லபுரம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டேன். ராஜாராம் பதில் சொல்லவில்லை. அவர் ஆன்டெனா கம்பம் காற்றில் சாய்ந்திருக்கும், மனிதர் திடமானவர், பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டேகால் மணிக்கு என் செட்டில் மீட்டர் ஒரு கட்டை மட்டும் ஏறி இறங்கியது. கர்ரென்ற இரைச்சல் வந்தது, பேச்சு வரவில்லை. அதுபோல் மூன்று முறை வந்தது. அந்த இரைச்சலை எனக்குத் தெரியும். அது கைச் செட்டில் குட்டை ரப்பர் மாட்டிப் பேசுகிற இரைச்சல். பேசுவது துர்காதேவி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படூர் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, புயலில் தானும் ஒரு கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் மைக்கை எடுத்து, "வீக் ஸ்டேஷன், ஒண்ணும் பிரியல. மொதல்ல அந்த ரப்பர கயட்டிக் கடாசிட்டு, நல்ல ஆன்டெனாவா மாட்டிகினு வாம்மா. இங்க சீரியஸா வேல ஓடிகினு கீது" என்று சொன்னேன்.

இந்த இடத்தில் மேடம், பேச்சே புரியாதபோது நீங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டார்கள். செய்திருக்க முடியும். பேச்சு புரியாவிட்டாலும் செட்டில் பட்டனை அழுத்தினால் மீட்டர் அசையும். அதனால் எங்கள் வழக்கம், ஆமாம் என்றால் ஒரு முறை அழுத்து, இல்லை என்றால் இரண்டு முறை அழுத்து என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பது. நீ படூரிலா இருக்கிறாய், மாமல்லபுரத்திலா, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா. ஐந்து கேள்வியில் முழுத் தகவலும் வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். அன்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இரண்டு மணி வரை அந்த மீட்டர் விட்டு விட்டு அசைந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நின்றுவிட்டது. நின்றபோது அப்பாடா, ஒழிந்தது என்று நினைத்தேன்.

அங்கே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்று ஓய்ந்ததும் ராஜாராம் மாடியில் சாய்ந்துகொண்டிருந்த கம்பத்தை இறக்கப் போயிருக்கிறார். கட்டியிருந்த கம்பி அறுந்து பைப் அவர் தொடை மேல் விழுந்துவிட்டது, ஆன்டெனாவும் நொறுங்கி அவர் செட் பயன்படாமல் போய்விட்டது. பார்வதம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டியிருந்தன. துர்காதேவி தன் அடுக்குமாடிக்காரர்களோடு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க வேனில் மாமல்லபுரம் வரை வந்தவர், ராஜாராம் செட்டில் பதில் சொல்லவில்லையே என்று கவலைப்பட்டு, விழுந்து கிடந்த சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒற்றையாக நடந்து அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் போனபோது மணி பன்னிரண்டு. ராஜாராம் நல்ல நினைவோடு பேசியிருக்கிறார். துர்காதேவி தன் சுடிதார் துப்பட்டாவால் தொடையை இறுக்கிக் கட்டிவிட்டு, அந்த மாடியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

என் செட் ஐம்பது வாட். நான் பேசியது அவ்வளவும் அந்த மாடியில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. பூஞ்சேரியில் குழு நிற்கிறது என்று நான் சொன்னதும், ரப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று சொன்னதும், ராஜாராம் உட்பட இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பூஞ்சேரி மூன்று கிலோமீட்டர். இரண்டு மணிக்கு மேல் துர்காதேவி செட்டை விட்டுவிட்டு மீனவர் குப்பத்துக்கு ஓடி, நான்கு பேரைக் கூட்டிவந்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டிப் பூஞ்சேரிக்குப் போனபோது மணி நாலு பத்து. அந்தக் குழு பதினொன்றரையிலிருந்து அதே இடத்தில் நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்வதற்குள் ராஜாராம் இறந்துவிட்டார். ரத்தம் போனதுதான் காரணம், இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகப் பார்வதம் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான், உடலைக் கொண்டுவந்து வைத்திருந்த செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே படியில் துர்காதேவி உட்கார்ந்திருந்தார். கையில் அந்தச் செட் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சாரிண்ணா. என்னால உங்க வரைக்கும் வர முடியல" என்று சொன்னார். நான் "பரவால்லம்மா" என்று சொன்னேன்.

அதன் பிறகு ஆறு நாள் நான் நெட் நடத்தவில்லை. அந்தப் பெண் லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும், சரியான ஆன்டெனாவைச் செய்யத் தெரியாத தன்னால் ஒரு உயிர் போய்விட்டது என்று சாப்பிடாமல் கிடப்பதாகவும் பார்வதம் போனில் அழுதார். வசந்தா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு எனுக்கு அடுப்பங்கரை வரைக்கும் கேட்டுது. நீ இன்னா மார்க் போட்ட" என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு நீ போயி சொல்லு. இல்லாங்காட்டி நான் போயி சொல்வேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். இன்று பஸ் ஏறும் வரை என்னோடு பேசவில்லை.

நான் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று மேடம் கேட்டார்கள். என் லாக் புத்தகத்தை ஒப்படைத்திருக்கிறேன். எங்களில் லாக் எழுதுவது ஒரு ஒழுக்கம். யார், எத்தனை மணிக்கு, என்ன சிக்னல் என்று அன்றன்றைக்குப் பேனாவால் எழுத வேண்டும். வாயால் பொய் சொன்ன எனக்கு, அதில் பொய் எழுதக் கை வரவில்லை. படூர் துர்காதேவி பெயருக்கு நேராக அந்த நாற்பது நாளும் ஐம்பத்தொன்பது, அதாவது ஃபைவ் நைன் என்றே எழுதியிருக்கிறது. நாற்பத்தோராவது நாள் முப்பத்துமூன்று என்று இருக்கிறது. அவருடைய அட்டவணையையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் புரியும். அவர் செய்த ஆன்டெனா சரியானது. அது அன்று அந்த மாடியில் இருந்திருந்தால் முதல் வார்த்தையே எனக்குப் புரிந்திருக்கும். அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றைத் துர்காதேவிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லைசென்சைத் திருப்பித் தர வேண்டியவன் நான். கொண்டுவந்திருக்கிறேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தப்பான மார்க் சொன்னதற்கு நான் எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டார்கள். அதன் பிறகு துர்காதேவி கொடுத்த வாக்குமூலத்தை எடுத்து ஒரு இடத்தைப் படித்துக் காட்டி, இது சரியா என்று கேட்டார்கள். ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிப் போடு என்று நான் சொன்னது கேட்ட பிறகு, துர்காதேவி செட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்கிறார். அப்போது ராஜாராம் அவரிடம் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறது: "அயாத. அமுக்கிகினே இரு. ஜானகி செட்ட வுட்டு எந்திரிக்க மாட்டான். நான் இங்க கீறேன்னு மட்டும் தெரிஞ்சா போதும், அவனே ஓடியாந்துடுவான்."

மேடம் அதைப் படித்து முடித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கடைசி நேரத்திலும் அவர் நம்பியது அந்தப் பெண்ணை இல்லை, என்னைத்தான் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. இதை எழுத வேண்டாம், இது உங்களுக்கு நல்லதில்லை என்று மேடம் பேனாவை நிறுத்தினார்கள். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதினார்கள்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
ஜானகிராமன்

என் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.
ஜெனிஃபர், உதவி ஆய்வாளர்